கராத்தேயா, சிலம்பமா, பொக்சிங்கா: பிள்ளையை எந்த வகுப்பில் சேர்ப்பது?

"பிள்ளையைக் கராத்தேக்கு விடட்டோ, சிலம்பத்துக்கு விடட்டோ? எது திறம்?" கிளிநொச்சியில் என்றாலும் புதுக்குடியிருப்பில் என்றாலும் தாய் தகப்பன்மார் என்னிடம் கேட்பது இதைத்தான். இப்போது பொக்சிங், கிக்பொக்சிங் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: எதற்காகச் சேர்க்கப் போகிறீர்கள்?

"பொம்பிளைப் பிள்ளை, பின்னேரம் ரியூசனுக்குப் போய் வாறவள். ஆரும் சேட்டை விட்டால் சமாளிக்கத் தெரியவேணும்" என்பார் ஒருவர். "பெடியன் எந்த நேரமும் போனோடை கிடக்கிறான், உடம்பு வளையட்டும்" என்பார் இன்னொருவர். மாகாண மட்டத்தில் ஒரு இடம் எடுத்தால் சான்றிதழ் கிடைக்கும், பிற்காலத்தில் பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ உதவும் என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. எல்லாமே நியாயமான தேவைகள்தான். ஆனால் இத்தனைக்கும் ஒரே வகுப்புப் பதிலாகாது. தற்காப்புக் கலை பழகுவது ஒரு விஷயம். அடிபாடு என்று வந்தால் சமாளிக்கும் திறன் இன்னொரு விஷயம். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக வழி இருக்கிறது. ஆனால் வருடம் போகப் போக அது தானாக வந்துவிடும் என்று நினைப்பதுதான் பிழை.

எனக்குக் கவலை தருவது இந்த வேறுபாட்டைப் பெற்றாருக்குச் சொல்லாத வகுப்புகள். காற்றில் மட்டும் குத்திப் பழகிய பிள்ளை, தன்னால் ஒரு வளர்ந்த ஆளைச் சமாளிக்க முடியும் என்று மனதார நம்பி, ஓட வேண்டிய இடத்தில் நின்றுவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் பழகாத பிள்ளை ஓடித் தப்பியிருக்கும்.

பழகியது எப்போது கைகொடுக்கும்?

ஜப்பானியரான ஜிகோரோ கானோ 1882இல் தோக்கியோவில் கோடோக்கான் பள்ளியைத் தொடங்கி ஜூடோவை உருவாக்கினார். பழைய ஜுஜுட்சுக் கலையில் ஆளை ஊனமாக்கக்கூடிய அடிகளும் பிடிகளும் நிறைய இருந்தன. அவற்றை முழு வேகத்தில் பழக முடியாது, பழகினால் வகுப்பில் ஆள் மிஞ்சாது. கானோ அந்த ஆபத்தான பகுதியைக் கத்தா எனப்படும் ஒழுங்குமுறைப் பயிற்சிக்குள் ஒதுக்கிவைத்தார். எஞ்சிய எறிதல்களையும் பிடிகளையும் மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் முழுப் பலத்துடன் மோதிப் பழகவிட்டார். இதற்கு ரண்டோரி என்று பெயர். அவருடைய மாணவர்களிடம் இருந்த உத்திகள் குறைவு, கொடூரமும் குறைவு. ஆனால் அந்த உத்திகளை, விட்டுக்கொடுக்காத ஒரு ஆள் மீது திரும்பத் திரும்பச் செய்து பார்த்தவர்கள் அவர்கள். கண்ணைத் தோண்டும் உத்தியைப் பொம்மை மீது பழகியவனை விட, முழுப் பலத்தோடு இழுபறிப்பட்டு ஒரு எறிதலைப் பழகியவனிடம்தான் திறன் இருக்கும். இந்த ஒரு விஷயம் விளங்கினால் வகுப்புகளை எடைபோடுவதில் பாதி வேலை முடிந்துவிடும்.

இதை மணிக்கட்டுப் பிடி ஒன்றில் வைத்துப் பார்ப்போம். எல்லா வகுப்புகளிலும் சொல்லித் தருவதுதான். மாணவி கையை நீட்டுகிறாள். எதிரில் நிற்பவள் மணிக்கட்டைப் பிடிக்கிறாள், பிடித்துவிட்டு அப்படியே அசையாமல் நிற்கிறாள். மாணவி கையைப் பெருவிரல் பக்கமாகத் திருப்பி வெடுக்கென்று இழுக்கிறாள். கை கழன்று வருகிறது, எல்லாரும் கைதட்டுகிறார்கள். உத்தி பொய்யில்லை. எந்தப் பிடியிலும் பெருவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடம்தான் பலவீனம்.

இப்போது பிடித்தவளிடம், "விடாதே, இழுத்துக்கொண்டு போ" என்று சொல்லுங்கள். அவள் நிற்கமாட்டாள். பின்னுக்கு இழுப்பாள், மற்றக் கையால் சட்டையைப் பிடிப்பாள், தோளால் தள்ளுவாள். மாணவியின் கால் தடுமாறும், கையைத் திருப்ப நேரமே கிடைக்காது. முதல் தடவை அநேகமாக எல்லாருமே மாட்டிக்கொண்டு சிரிப்பார்கள். நாலைந்து வகுப்பு இப்படி இழுபட்ட பிறகு உடம்புக்குத் தானாக ஒன்று பிடிபடும். பின்னுக்கு இழுக்காமல் ஒரு எட்டு முன்னுக்கு வைத்து, தன் முழங்கையை எதிராளியின் முழங்கைப் பக்கம் கொண்டுபோனால் கை கழலும். அதோடு, கழன்ற கணமே ஓடவேண்டும் என்பதும் பழகிவிடும். இரண்டு வகுப்பிலும் சொல்லிக்கொடுத்தது ஒரே உத்தி. ஒன்றில் பிள்ளைக்கு அது தெரியும், மற்றதில் அதைச் செய்ய முடியும்.

1993 நவம்பர் 12இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் முதலாவது யூஎஃப்சி போட்டி நடந்தபோது உலகம் முழுக்க இதே பாடத்தைப் பார்த்தது. குத்துச்சண்டை, சுமோ, கராத்தே என்று பல துறையினர் கலந்த அந்தப் போட்டியில், ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ள ரோய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை விழுத்திப் பிடிபோட்டு வென்றார். அவர் பழகிய பிரேசிலியன் ஜியு ஜிட்சு, கானோவின் ஜூடோ வழியில் வந்த கலை. நிலத்தில் உருண்டு முழுப் பலத்தோடு மோதுவதுதான் அதன் அன்றாடப் பயிற்சி. சில வருடங்களில் மற்றவர்களும் நிலத்துச் சண்டையைப் பழகிக்கொண்டார்கள், அந்தக் கலைக்கு இருந்த முற்கூட்டிய அனுகூலம் குறைந்தது. ஆகவே கலையின் பெயரில் மந்திரம் ஒன்றும் இல்லை.

கராத்தே

வன்னியில் கைக்கு எட்டிய தூரத்தில் இருப்பது பெரும்பாலும் இதுதான். பாடசாலையிலோ சனசமூக நிலையத்திலோ வகுப்பு நடக்கும். பெண்பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள், பாடசாலைப் போட்டிகளிலும் இடம் உண்டு.

ஆனால் போட்டிக் கராத்தே எதைப் பழக்குகிறது என்று விளங்கிக்கொள்ள, 2021 ஓகஸ்ட் 7இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்த ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிப் போட்டியைப் பார்க்க வேண்டும். சவூதி அரேபியாவின் தாரெக் ஹமெதி 4-1 என்று முன்னிலையில் நின்றார். அவர் உதைத்த ஒரு உதையில் ஈரானின் சஜாத் கஞ்சாதே மயங்கி விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவர்கள் கூடிப் பேசி, அளவு மீறிய பலத்தில் உதைத்ததாக ஹமெதியைத் தகுதிநீக்கம் செய்தார்கள். மயங்கிக் கிடந்தவருக்குத் தங்கம் போனது. பலர் இதைக் கேலி செய்தார்கள். நான் அந்த விதியை மதிக்கிறேன். தொட்டவுடன் நிறுத்து என்ற விதி இருப்பதால்தான் பத்து வயதுப் பிள்ளை பல்லை இழக்காமல் போட்டியில் இறங்க முடிகிறது. ஆனால் வருடக்கணக்காக அப்படிப் பழகிய உடம்பு, தேவை வரும் நாளிலும் தொட்டுவிட்டுப் பின்வாங்கும். உண்மையில் அடிக்க வந்தவனுக்கு அது புள்ளிக்கணக்கு இல்லை.

எல்லாக் கராத்தேயும் இப்படியில்லை. மசுதாட்சு ஓயாமா தொடங்கிய கியோகுஷின் பிரிவில் உடம்பில் முழுப் பலத்தோடு குத்துவார்கள், உதைப்பார்கள். முகத்தில் கையால் குத்துவது மட்டும் போட்டியில் இல்லை. அதனால் அதில் பழகியவர்களில் சிலர் முகத்தைக் காப்பதில் அசட்டையாக இருப்பதுண்டு. ஒவ்வொரு விதியும் உடம்பில் ஒரு பழக்கத்தை விட்டுத்தான் போகும்.

கராத்தேயில் பலர் கவனிக்காத நன்மை ஒன்று உண்டு, அந்தச் சத்தம். கியாய் என்று அடிவயிற்றிலிருந்து கத்துவது. எங்கள் ஊர்களில் பெண்பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலிருந்தே "மெல்லக் கதை" என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். பயத்தில் தொண்டை அடைத்துப்போகாமல், நாலு வளவுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தத் தெரிந்த பிள்ளைக்கு அது எந்த உதையை விடவும் உதவும். சில வீடுகளில் அம்மம்மாமாருக்கு இந்தச் சத்தம் பிடிப்பதில்லை, பழையதெல்லாம் ஞாபகம் வருகிறது என்பார்கள். அது எனக்கு விளங்குகிறது. வீட்டில் கத்திப் பழகாமல் வகுப்பிலேயே பழகட்டும்.

இடுப்பில் கட்டும் பட்டி பற்றி ஒரு சொல். பட்டியின் நிறம் மாறுவது அந்தப் பிரிவின் பாடத்திட்டத்தில் பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைக் காட்டும். பிள்ளைக்கு அது பெரிய உற்சாகம், தடுக்கக் கூடாது. ஆனால் தரப்படுத்தலுக்குக் காசு கட்டினால் எல்லாருமே தேறுகிறார்கள் என்றால், அந்த நிறத்தை வைத்து ஒன்றும் முடிவுசெய்ய முடியாது.

சிலம்பம்

மனதுக்கு நெருக்கமானது எது என்று கேட்டால் நான் சிலம்பத்தைத்தான் சொல்வேன். கோவில் திருவிழாவில் தீப்பந்தம் சுழற்றும் பெடியனைப் பார்த்துக் கூட்டம் ஒதுங்கி வழிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஈர்ப்புத் தெரியும். எங்கள் மொழியில், எங்கள் ஆசான் கற்றுத் தரும் கலை. காலடி, வீச்சு, வரிசை என்று அதன் சொற்களே பிள்ளையின் வாயில் இருக்கும். தோள், மணிக்கட்டு, கால் எல்லாம் ஒன்றாக வேலை செய்யப் பழகும். ஒரு கம்பும் கொஞ்ச நிலமும் போதும், செலவு குறைவு.

சண்டைத் திறன் என்ற கணக்கில் பார்த்தால் சிலம்பத்துக்குள்ளேயே இரண்டு வகைப் பயிற்சி இருக்கிறது. ஒன்று சுழற்றுவது. தனியாகவோ கூட்டமாகவோ அலங்காரமாகச் சுழற்றுவது, மேடைக்கும் ஊர்வலத்துக்கும் உரியது. மற்றது எதிரில் ஒரு ஆளை நிறுத்தி, அவனுடைய கம்பைத் தடுத்து, இடைவெளி பார்த்துத் தொடுவது. முதலாவதை மட்டும் பழகிய பிள்ளை பொல்லோடு வருபவனின் முன்னால் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. ஏனென்றால் அதன் கம்பு இதுவரை இன்னொரு கம்பில் வேண்டுமென்றே மோதியதில்லை. இரண்டாவதைப் பழகியவருக்குத் தூரம் அளக்கத் தெரியும், எவ்வளவு கிட்ட வந்தால் ஆபத்து என்று காலுக்குத் தெரியும். அந்தத் தூர அறிவு கையில் கம்பு இல்லாவிட்டாலும் உதவும். ஆகவே சிலம்பத்துக்கு விடுவதென்றால் ஆசானிடம் கேட்க வேண்டியது, சோடி போட்டுத் தொடுமுறை பழக்குவீர்களா என்பதுதான்.

இங்கே வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் பெயரைச் சொல்லாமல் சிலம்பத்தைப் பற்றிக் கதைப்பவர்கள் குறைவு. வீரத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லட்டும், நல்லது. ஆனால் அந்த வரலாற்றை முழுதாகச் சொல்ல வேண்டும். 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவர், அதே வருடம் ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் தோற்றார். வொன் டிறிபேர்க் தலைமையில் வந்த பிரித்தானியப் படை அவரை எதிர்பாராத நேரத்தில் தாக்கியது. ஆளுக்கு ஆள் நின்று திறமை பார்த்த சண்டையில்லை அது. தெருவில் நடக்கும் அடிபாட்டிலும் நேரத்தையும் இடத்தையும் தெரிவுசெய்பவன் தாக்க வருபவன்தான். பிள்ளைகளுக்கு வீரத்தோடு இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

பொக்சிங், கிக்பொக்சிங்

2022 தொடக்கத்தில் பாகிஸ்தானின் லாகூரில் நடந்த கிக்பொக்சிங் போட்டியில் முல்லைத்தீவுப் பெண்பிள்ளை ஒருவர் தங்கப் பதக்கம் எடுத்து வந்தபோது ஊரே கொண்டாடியது.

கையால் சமாளிக்கும் திறன் கெதியில் வருவது பொக்சிங்கில்தான். காரணம் எளிது. இதில் அடி வாங்கிப் பழகுகிறார்கள். வாழ்க்கையில் முதல் தடவை முகத்தில் ஒரு குத்து விழும்போது எவருக்கும் கண் மூடும், மூச்சு நிற்கும், கை கீழே போகும். அந்த முதல் அதிர்ச்சி கையுறையோடும் பயிற்றுநர் பக்கத்தில் நிற்கும்போதும் வந்து போய்விட்டால், பிறகு ஒரு நாள் தெருவில் வரும்போது பிள்ளை உறைந்து நிற்காது. பொக்சிங்கில் உத்திகள் கொஞ்சம்தான், கைவிரல்களில் எண்ணிவிடலாம். அவற்றையே அசையும் ஆளின் மீது ஆயிரக்கணக்கில் செய்கிறார்கள்.

ஆனால் விலையும் இருக்கிறது. அமெரிக்க, கனேடிய குழந்தை மருத்துவர் சங்கங்கள் 2011இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் சிறுவர்களும் இளையோரும் பொக்சிங்கில் ஈடுபடுவதை எதிர்த்தன. தலையைக் குறிவைத்து அடிப்பதே அந்த விளையாட்டின் நோக்கம், வளரும் மூளைக்கு அது கூடாது என்பதுதான் காரணம். நான் என் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வது: கால் வேலை, பை குத்துவது, பயிற்றுநர் கையில் பிடிக்கும் பட்டைக்குக் குத்துவது, உடம்பில் மட்டும் மெல்லத் தொடும் ஸ்பாறிங் எனப்படும் சோடிச் சண்டைப் பயிற்சி, இவ்வளவும் தாராளமாகப் பழகலாம். தலையில் அடிபடும் ஸ்பாறிங் வளர்ந்த பிறகு, அதுவும் விரும்பினால் மட்டும். ஒரு பிள்ளை தலையில் அடிபட்டு மயங்கினால், தலைசுற்றுகிறது என்றால், அன்றைக்கே பயிற்சியை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகாத வகுப்பில் உங்கள் பிள்ளையை ஒரு நாளும் விடாதீர்கள்.

கையுறை இல்லாத கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலக ஹெவிவெயிட் சம்பியனாக இருந்த மைக் டைசன் 1988இல் நியூயோர்க் தெருவில் மிச் கிறீன் என்ற இன்னொரு குத்துச்சண்டை வீரரோடு அடிபட்டபோது தன் கையையே முறித்துக்கொண்டார். மண்டை ஓடு கடினம், விரல் எலும்பு மெல்லியது. பொக்சிங் பழகும் பிள்ளைக்கு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளி அடிக்கவும் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.

ஜூடோ, மல்யுத்தம்

தலையில் அடி வாங்காமல் முழுப் பலத்தோடு மோதிப் பழக வேண்டும் என்றால் இவைதான். பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை தாக்குதல் பெரும்பாலும் பிடிப்பதில், இழுப்பதில், அமுக்குவதில்தான் தொடங்குகிறது. அந்த நெருக்கத்துக்குள் மூச்சை விட்டுவிடாமல் வேலைசெய்யப் பழக்குவது இந்த இரண்டும்தான். எங்களிடம் இவற்றுக்கு வகுப்புக் குறைவு. உடம்போடு உடம்பு முட்டிப் பழகுவதைப் பெற்றார் விரும்பாததும் ஒரு காரணம். பெண் பயிற்றுநர் இருந்தால், பெண்பிள்ளைகள் தங்களுக்குள்ளே பழகினால் அந்தத் தயக்கம் வேண்டியதில்லை.

ஆபத்து விழுவதில் இருக்கிறது. ஜப்பானின் பாடசாலைகளில் சில பத்தாண்டுகளுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் ஜூடோப் பயிற்சியில் இறந்திருக்கிறார்கள். பின்மண்டை அடிபட்டு இறந்த புதிய மாணவர்கள் அதில் நிறையப் பேர். விழும் முறையை வாரக்கணக்கில் பழக்கிய பிறகுதான் எறியவிட வேண்டும். மெத்தை இல்லாமல் சீமெந்து நிலத்தில் எறிதல் பழக்கும் இடம் என்றால், பயிற்றுநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம்.

டைக்வொண்டோ பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: காலுக்கு வேகமும் வளைவும் தருவதில் அதற்கு ஈடில்லை. ஆனால் முகத்தில் கையால் குத்துவது போட்டியில் இல்லாததால் கையைத் தாழ்த்தும் பழக்கம் வரும். கிரவல் ரோட்டில் செருப்போடு உயர உதைக்கப் போனால் முதலில் விழுவது உதைத்தவர்தான்.

குறுகிய தற்காப்புப் பயிற்சிகள்

நிறுவனங்கள் ஊருக்கு வந்து ஒரு நாள் பயிற்சி நடத்தி, படம் எடுத்து, சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போவதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒரு நாளில் பத்து உத்தி காட்டினால் ஒரு மாதத்தில் ஒன்றும் மிஞ்சாது. அதற்காகக் குறுகிய பயிற்சியே வீண் என்று தள்ளிவிட வேண்டாம். கனடாவில் சார்லின் சென் தலைமையிலான ஆய்வாளர்கள் பல்கலைக்கழக முதலாம் வருட மாணவிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 12 மணி நேரப் பயிற்சி, மற்றதற்குத் துண்டுப்பிரசுரங்கள் மட்டும். 2015இல் வெளியான முடிவின்படி, அடுத்த ஒரு வருடத்தில் பாலியல் வன்புணர்வுக்கு உள்ளானவர்கள் பயிற்சி பெறாத குழுவில் 9.8 வீதம், பெற்ற குழுவில் 5.2 வீதம். கிட்டத்தட்ட அரைவாசி.

அந்த 12 மணி நேரத்தில் அடி உதை ஒரு பகுதி மட்டுமே. தெரிந்த ஆளிடமிருந்து வரும் ஆபத்தின் அறிகுறிகளைக் கண்டுகொள்வது, மரியாதை பார்த்துத் தயங்காமல் மறுப்பது, உரக்கப் பேசுவது, எழும்பி வெளியேறுவது, இவற்றையும் பழக்கினார்கள். எங்களுக்கு இது மிகப் பொருத்தம். பிள்ளைக்கு ஆபத்து இருட்டில் ஒளிந்து நிற்கும் அந்நியனிடமிருந்து மட்டும் வருவதில்லை. மாமா என்று கூப்பிடும் ஆள், படிப்பிக்க வரும் ஆள், ஓட்டோவில் ஏற்றி இறக்கும் ஆள் என்று பழகிய முகமாகவும் வரும். எந்தக் கறுப்புப் பட்டியும் "இல்லை மாமா, நான் வரேல்லை" என்று சொல்லப் பழக்காது. அதை ஒருவர் பக்கத்திலிருந்து சொல்லவைத்துப் பழக்க வேண்டும்.

வகுப்புக்கு வெளியே

வகுப்பில் பிள்ளை வெறுங்காலோடு தளர்ந்த உடுப்பில் நிற்கிறது. வெளியே பாடசாலைச் சீருடை, கழுத்தில் டை, இரட்டைப் பின்னல், புத்தகப் பை, சைக்கிள். டையும் பின்னலும் பிடிப்பவனுக்கு வசதியான கைப்பிடிகள். மாதத்தில் ஒரு நாளாவது அந்த உடுப்பிலேயே, பையோடும் சைக்கிளோடும் பழக்கச் சொல்லுங்கள். டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பச் சொல்வதே ஒரு பாதுகாப்பு.

இரண்டு மூன்று பேர் வந்தால் எந்தக் கலையானாலும் ஓட்டம்தான். கத்தி, வாள் என்றால் கேள்வியே இல்லை, போன், காசு, சங்கிலி எது கேட்டாலும் கொடுத்துவிட்டு விலக வேண்டும். வெறுங்கையால் கத்தியைப் பறிக்கும் உத்தியைப் பிள்ளைகளுக்குப் பெருமையாகக் காட்டும் பயிற்றுநரிடம் நான் பிள்ளையை விடமாட்டேன். வாரத்தில் ஒரு நாள் ஓட்டப் பயிற்சி கொடுக்கிறவரை நம்புவேன்.

சட்டமும் தெரிய வேண்டும். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தன்னையும் பிறரையும் காத்துக்கொள்ளும் உரிமையை ஒப்புக்கொள்கிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய அனுமதிப்பதில்லை. விழுந்து கிடப்பவனை மேலும் மிதித்தால் அது தற்காப்பில் சேராது. இதை வளர்ந்த பெடியன்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். பொலிஸ் 119, சிறுவர் உதவிக்கு 1929, பெண்கள் உதவிக்கு 1938 என்ற இலக்கங்களும் பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

அப்புறம் தூரம். துணுக்காய், முழங்காவில், நெடுங்கேணிப் பக்கத்துப் பிள்ளையை நல்ல வகுப்பு என்று ஏ9 வீதியோரப் பட்டணத்துக்கு அனுப்பினால், திரும்பிவரும் நேரம் இருட்டிவிடும். கடைசி பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. லைட் இல்லாத ரோட்டில், சில இடங்களில் யானைக்கும் பயந்து, தற்காப்புப் பழகிவிட்டு வருவதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது? பக்கத்து ஊரில் பகலில் முடியும் சுமாரான வகுப்பு இதைவிட மேல்.

நான் என்றால் எதைத் தெரிவுசெய்வேன்?

பாதுகாப்புக்காகத் தரம் எட்டு ஒன்பது படிக்கும் பெண்பிள்ளை என்றால், ஜூடோவோ மல்யுத்தமோ பெண் பயிற்றுநரோடு பக்கத்தில் கிடைத்தால் வேறு யோசிக்கமாட்டேன். கிடைக்காவிட்டால் சோடி போட்டு மோதவிடும் கராத்தே வகுப்பு. அதோடு மறுத்துப் பேசப் பழக்கும் குறுகிய பயிற்சி ஒன்றையும், ஒரு நாள் முகாமாக இல்லாமல் சில வாரங்களுக்காவது, பாடசாலையில் நடத்தக் கேட்டு வாங்குவேன். இதற்கு நாலைந்து தாய்மார் சேர்ந்து அதிபரிடம் போனால் போதும்.

போனோடு கிடக்கும் பெடியனுக்குச் சிலம்பம். உடம்பும் வளையும், ஊரோடும் ஒட்டுவான். அவனுக்குச் சண்டைத் திறன் இருக்கிறதா என்ற கேள்வியை இப்போதைக்கு விட்டுவிடலாம். பதக்கமும் சான்றிதழும்தான் நோக்கம் என்றால், உங்கள் பாடசாலையில் எந்தத் துறைக்கு நல்ல பயிற்றுநர் இருக்கிறாரோ அதுவே சரி. அங்கே விதிக்கு ஏற்பப் பழகுவது குறையில்லை, அதுதான் வேலை. பதினாறு பதினேழு தாண்டி, உண்மையாகவே கையால் சமாளிக்கும் திறன் வேண்டும் என்று கேட்கும் இளைஞனுக்கு பொக்சிங் அடித்தளத்தோடு கொஞ்சம் மல்யுத்தம். ஆனால் அவனுடைய குணத்தையும் பார்ப்பேன். ஏற்கெனவே சண்டித்தனத்துக்குப் பேர் போனவன் என்றால், பயிற்றுநர் கண்டிப்பானவரா என்று விசாரித்த பிறகுதான்.

எந்த வகுப்பானாலும் சேர்க்க முன் ஒரு நாள் முழுதும் ஓரத்தில் இருந்து பாருங்கள். பார்க்க விடமாட்டோம் என்றால் அங்கேயே முடிவு தெரிந்துவிடும். பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் விட்டுக்கொடுக்காமல் பழகும் நேரம் எவ்வளவு, யாராவது தோற்கிறார்களா, தோற்ற பிள்ளையிடம் பயிற்றுநர் என்ன சொல்கிறார், நோகுது என்று ஒரு பிள்ளை கையைத் தட்டினால் மற்றது உடனே விடுகிறதா என்று கவனியுங்கள். பயிற்றுநர் பிள்ளைகளைத் தொடும் விதம், தனியாக யாரையும் மறிக்கிறாரா என்பதும் கண்ணில் பட வேண்டும்.

ஒரு தவணை முடிந்ததும் வீட்டு முற்றத்தில் பிள்ளையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்குங்கள். பிள்ளை கையைக் கழற்றிக்கொண்டு ஓடினால் அடுத்த தவணைக்கும் காசு கட்டலாம். நின்று, "அப்பா, நீங்கள் பிழையாய்ப் பிடிக்கிறீங்கள், இப்பிடிப் பிடிக்கக் கூடாது" என்று சொன்னால், பயிற்றுநரோடு போய்க் கதையுங்கள்.